கம்ப்யூட்டரக்கா பஸ் ஏறிய கதை

ஒயர்மேனுக்குக் கம்ப்யூட்டரக்கா மேல் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. டீக்கடையில் சொல்வார். ஐஸ் வண்டி தள்ளுகிறவர்களிடம் சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டால் மெயின் போர்டிடம் சொல்வார்.

மீன் ஏலக்கூடத்தில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. போகாத வரைக்கும் அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் போய்விட்டால் மட்டும், அவர் யார், அவரைப் பெற்றவர் யார் என்று கூடம் முழுக்க விசாரிக்கும். அதெல்லாம் பழகிப்போனது. ஆனால் அத்தனை பேரும் கரண்ட் வேண்டும் என்று கத்துகிற இடத்தில், கரண்டை நிறுத்து என்று வந்து நிற்கிற ஒரே பிறவி இந்தக் கம்ப்யூட்டரக்காதான். அதுவும் ஏலம் சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து.

“தம்பி, மாடி ரூமுக்குப் போற லைனை ஒரு தடவை ஆஃப் பண்ணேன்.”

“எதுக்கு?”

“என்ன ஆகுதுன்னு பார்க்கத்தான்.”

“என்ன ஆகும்? பேட்டரியில ஓடும். பேட்டரி தீர்ந்தா நின்னுபோகும். இதைப் பார்க்கவா உங்களைப் படிக்க வச்சாங்க?”

“பேட்டரியில ஓடும்னு நீ சொல்ற. பேட்டரி சொல்லுதான்னு பார்க்கணும்ல?”

அந்தத் ‘தம்பி’யும் ஒரு புண்தான். அவருக்கு மீசை நரைத்து, முட்டி தேய்ந்து, வீட்டுக்கு மருமகனும் வந்தாயிற்று. அக்கா அவரைவிட மூத்தவள் என்பதற்கு அக்காவின் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவள் ஒருமுறை தம்பி என்றாள். அன்றிலிருந்து மீன் கூடை சுமக்கிற விடலைகள்கூட அவரைத் தம்பியண்ணே என்று கூப்பிடுகிறார்கள்.

அக்காவின் அறை ஏலக்கூடத்து மாடியில். ஒரு காலத்தில் வலை போட்டு வைத்த அறை. ஜன்னலை அடைத்து, ஏசி மாட்டி, அதற்குள் சர்வரை உட்கார வைத்திருந்தார்கள். என்ன அடைத்தும் உப்புக் காற்று எப்படியோ நுழைந்துவிடும். சுவரில் வேர்க்கும். அக்கா ஏசிக் குளிருக்குக் கம்பளிச் சட்டையும், கூடத்து ஈரத்துக்கு முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸும் போட்டிருப்பாள். மேலே பார்த்தால் மலைக்குப் போகிற ஆள், கீழே பார்த்தால் வயலுக்குப் போகிற ஆள். கைப்பையில் சீப்பும் ஸ்க்ரூடிரைவரும் ஒன்றாகக் கிடக்கும். ஒருதரம் அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தலை வாரப் போனதை ஒயர்மேனே பார்த்திருக்கிறார்.

ஏலக்கூடத்தில் வியாபாரிகள் இரண்டு பக்கமும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொத்தான். பக்கத்துக்கு ஒரு போர்டு, அதில் மீனை எடுத்தவர் நம்பர் எரியும். எந்த மீன், என்ன எடை, யார் முதலில் அமுக்கினார், எந்த விலைக்கு முடிந்தது, எல்லாமே மாடியில் இருக்கிற அந்த ஒற்றை மிஷினின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். அந்த டேட்டாபேஸ் ஐந்து நிமிஷம் படுத்தால் கீழே ஐஸ் உருக ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் படுத்தால் ஆட்கள் உருக ஆரம்பிப்பார்கள்.

அக்கா பக்கத்தில் இருக்கும் வரைக்கும் மிஷின் சமர்த்தாக ஓடும். வாசல்படி தாண்டினால் போதும், அதற்கு வந்துவிடும் நோய். மூத்த மகளுக்குப் பிரசவம் என்று பெட்டியோடு கிளம்பினாளே, பஸ் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. டிஸ்க் செத்துப்போச்சு. அங்கேயே இறங்கி, மீன் லாரியில் தொற்றிக்கொண்டு, பெட்டியோடு நேராக மாடியேறினாள். எல்லாவற்றையும் பழைய காப்பியிலிருந்து எடுத்து ஓட வைப்பதற்குள் அங்கே பேரன் பிறந்து, குளித்து, தூங்கியும் போய்விட்டான். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரும் இன்னொரு கையில் போனுமாக அக்கா அவன் முகத்தை முதன்முதலில் பார்த்தாள். அன்றைக்கு ஒயர்மேனும் அந்த அறையில்தான் இருந்தார். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சும்மா ஒரு பிளக்கைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

இப்போது இளையவளுக்கு மாதம் நெருங்கியது. ஒருநாள் ஒயர்மேன் அக்கா அறையில் ஏணி போட்டு டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அம்மா, இந்தத் தடவையாவது வருவியா? இல்ல உன் தலைச்சன் புள்ளைக்கு ஜுரம் வந்துடுமா?”

“வராம இருப்பேனாடி?”

“அக்காகிட்டயும் இதையேதான் சொன்ன. நான் ஒண்ணு பண்றேன், அந்த மிஷின் பக்கத்துலயே வந்து படுத்துக்கறேன். அங்கதான் ஏசி இருக்கே.”

அக்கா சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் ரப்பர் பூட்ஸோடு ஏலக்கூடத் தலைவர் அறைக்குள் போய் நின்றாள்.

தலைவர் ஏலம் கூவிக் கூவியே தொண்டை போன மனுஷர். பொத்தான் வந்த பிறகு கூவ வேலை இல்லை. ஆனாலும் மைக்கை மட்டும் கையைவிட்டு இறக்க மாட்டார்.

“ஒரு மிஷின் போதாது தலைவரே. ரெண்டு வேணும். ஒரே கணக்கை ரெண்டும் வச்சிருக்கணும். ஒண்ணு விழுந்தா, விழுந்தது தெரியறதுக்கு முன்னாடியே இன்னொண்ணு எடுத்துக்கணும்.”

“இருக்கறது ஒண்ணையே உன்னால மேய்க்க முடியல.”

“அதான் ரெண்டு கேக்கறேன். நான் மேய்க்காமலே மேயணும். பொண்ணுகிட்டப் போகணும்.”

தலைவர் யோசித்தார். “வாங்கித் தரேன். ஆனா ஒண்ணு. வாங்கினப்பறம் ஏலம் ஒரு தடவை நின்னுது, உனக்கு லீவு கிடையாது. நீயும் நானும் இங்கயே கிடப்போம்.”

சர்வர் விற்கிறவர்கள் வந்தார்கள். அக்கா எல்லாருக்கும் ஒரே நிபந்தனை போட்டாள். படம் காட்டக் கூடாது, மிஷினையே கொண்டுவர வேண்டும். ஓடுகிற மிஷினில் எதைப் பிடுங்கினாலும் முகம் சுளிக்கக் கூடாது. பாதிப் பேர் அதோடு காணாமல் போனார்கள். மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் டை கட்டியிருந்தார். கூடத்தைத் தாண்டி வருவதற்குள் டை நுனியில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் சட்டை கசங்க, மிஷினைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்தார்.

தலைவருக்குச் சர்வர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாங்குவது என்றால் என்ன என்று தெரியும். டைக்காரரின் மிஷினை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். கசங்கின சட்டைக்காரரின் மிஷினையும் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறக்கச் சொன்னார். செவுளை விலக்குகிற மாதிரி விரலை விட்டு விலக்கி, குனிந்து ஒரு மோப்பம் பிடித்தார்.

“டை கட்டினவர் மிஷின்தான் கனம். உள்ளயும் நல்லா சிவப்பா இருக்கு. இதையே எடு.”

“தலைவரே, அது ஒயரு.”

“எதுவா இருந்தா என்ன? சிவப்பா இருந்தா இன்னிக்குப் பிடிச்சது.”

டைக்காரர் வாய்ப்பை விடவில்லை. “வேகத்துலயும் இதை அடிச்சுக்க ஆள் இல்ல மேடம். மத்த மிஷின் ஒரு கணக்குப் போடற நேரத்துல இது பத்துப் போடும்.”

“மீனு எங்க சார் ஓடப்போகுது? அது செத்தப்பறம்தான் எங்ககிட்டயே வருது.” அக்கா ஒயர்மேனைத் திரும்பிப் பார்த்தாள். “தம்பி, பிடுங்கு.”

ஒவ்வொரு மிஷினுக்கும் பின்னால் இரண்டு பவர் சப்ளை, இரண்டு ஒயர். ஒயர்மேன் ஒன்றைப் பிடுங்கினார். மிஷின் ஓடிற்று. மாட்டிவிட்டு மற்றதைப் பிடுங்கினார். அப்போதும் ஓடிற்று. அவருக்கு உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒயரைப் பிடுங்கி யாரிடமும் திட்டு வாங்கவில்லை. கேட்காமலே ஃபேனில் ஒன்றையும் கழற்றப் போனார். அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

அடுத்து டிஸ்க். ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா ஒன்றை உருவினாள். மிஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு, தன் வேலையைப் பார்த்தது. டிஸ்க்கெல்லாம் ஜோடி ஜோடியாக ஒரே கணக்கை வைத்திருப்பதால் ஒன்று போனால் மோசமில்லை.

“இதெல்லாம் எப்ப செஞ்ச டிஸ்க்கு?”

“ஒரே நாள், ஒரே பேட்ச் மேடம். நம்பர்கூட அடுத்தடுத்து இருக்கும்,” என்றார் டைக்காரர் பெருமையாக.

“அப்படி வேணாம் சார். ஒண்ணாப் பொறந்ததெல்லாம் ஒண்ணாப் படுத்துக்கும். ஒருத்தருக்குத் துணைக்கு இன்னொருத்தர்னு வச்சா, ரெண்டும் ஒரே வாரத்துல கைவிட்டுடும். கலந்துதான் வேணும்.”

போன வருஷம் ஒரே பெட்டியில் வாங்கி மாட்டிய பல்புகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகப் போனது ஒயர்மேனுக்கு நினைவு வந்தது. அதற்கும் அவரைத்தான் திட்டினார்கள்.

“கடைசிக் கேள்வி. கெட்டுப்போனா யாரைக் கூப்பிடணும்?”

இருவரும் ஆளுக்கொரு நம்பர் கொடுத்தார்கள். அக்கா அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, டைக்காரரின் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினாள். ஒரு பெண் குரல் வரவேற்றது. பிறகு பாட்டு. குழல் வாசிக்கிறார்கள், மணி அடிக்கிறார்கள், நடுநடுவே உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்கிறார்கள். டீ வந்தது. எல்லாரும் குடித்தார்கள். குழல் ஓயவில்லை. டைக்காரருக்கு ஏசியிலும் வேர்த்தது.

தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். பழைய பழக்கம், உடம்பு தானாக நிமிர்ந்தது.

“ஒரு தரம்…”

குழல்.

“ரெண்டு தரம்…”

உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.

“மூணு தரம்! முடிஞ்சுது. கட் பண்ணு. கனமா இருந்து என்னத்துக்கு? கூப்பிட்ட குரலுக்கு ஏன்னு கேக்க நாதியில்ல.”

கசங்கின சட்டைக்காரரின் நம்பரை அடித்த உடனே யாரோ எடுத்தார்கள். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. “சொல்லுங்க, எந்த மிஷினு?” என்றது அந்தக் குரல். கசங்கின சட்டைக்காரர், தன் சொந்தத் தம்பியும் தானும்தான் சர்வீஸ் பார்க்கிறோம் என்றும், ஸ்பேர் எல்லாம் வீட்டு மாடியில்தான் இருக்கிறது என்றும் கூச்சத்தோடு சொன்னார். அவர் மிஷின் வேகம் மட்டுதான். அக்கா அதையே இரண்டு எடுத்தாள். முதலில் ஒரு வாரம் சோதனைக்கு.

ஒன்று மாடி அறையில். இரண்டாவதை அதே அறையில் வைக்க அக்கா ஒப்பவில்லை. கூரை ஒழுகினால் இரண்டும் சேர்ந்துதானே நனையும்? ஆகவே அது முற்றத்துக்கு எதிர்ப்பக்கம், ஐஸ் கிடங்குக்கு மேலே இருந்த சின்ன அறைக்குப் போயிற்று. கிழக்குப் பெஞ்சுகளை அதோடு இணைத்தார்கள். மேற்குப் பெஞ்சுகள் மாடி மிஷினோடு. இரண்டு மிஷினும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள முற்றத்துக்குக் குறுக்கே, ஆள் உயரத்துக்கு மேல், ஒயர்மேன் ஒரு கேபிள் இழுத்தார்.

முதல் நாள் மாடி மிஷினை நிறுத்தினார். கிடங்கு மிஷின் எடுத்துக்கொண்டது. மறுநாள் கிடங்கு மிஷினை நிறுத்தினார். மாடி மிஷின் எடுத்துக்கொண்டது. ஏலம் நிற்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து அறை மூலையில் வைத்தாள். அதற்குள் குழந்தைக்குத் தைத்த சட்டைகள் இருந்தன என்று ஐஸ்காரம்மா ஊருக்கெல்லாம் சொன்னாள்.

ஐஸ்காரம்மா ஐஸ் வண்டி தள்ளுகிறவள். உடம்பும் குரலும் பெரிது. அந்த வாரக் கடைசியில் வெயில் காய்ந்தது; கிடங்குக்கும் கூடத்துக்கும் இரண்டு நடை நடப்பதை ஒரு நடையாக முடிக்கலாம் என்று கட்டிகளைக் கோபுரமாக அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். கோபுரத்தின் உச்சிக் கட்டி கேபிளில் மாட்டியது. அவளுக்கு ஒரு இழுப்பு தெரிந்தது. வண்டிதான் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாகத் தள்ளினாள்.

கேபிள் அறுந்தது. அங்கேதான் வந்தது வினை.

மாடி மிஷின் எதிராளியைக் கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை. செத்துவிட்டான் போலிருக்கிறது, இனி நான்தான் எல்லாம் என்று முடிவு செய்தது. கிடங்கு மிஷினும் அப்படியே கூப்பிட்டது, பதில் இல்லை, அதுவும் அதே முடிவுக்கு வந்தது. இரண்டும் உயிரோடு இருந்துகொண்டு, ஒன்றுக்கொன்று காரியம் செய்துவிட்டுக் கடை நடத்த ஆரம்பித்தன. மேற்குப் பெஞ்சுக்கு ஒரு ஏலம், கிழக்குப் பெஞ்சுக்கு ஒரு ஏலம். நடுவில் மீன் மட்டும் ஒன்றுதான்.

அந்த நேரம் பலகையில் கிடந்தது ஒரு சூரை மீன். ஒரு ஆள் நீளம். மேற்குப் பெஞ்சில் ஓட்டல்காரர் பொத்தானை அமுக்கினார். அவர் பக்கத்துப் போர்டில் அவர் நம்பர் எரிந்தது. கிழக்குப் பெஞ்சில் ஏற்றுமதிக்காரர் அமுக்கினார். அவர் பக்கத்துப் போர்டில் அவர் நம்பர் எரிந்தது. ஓட்டல்காரர் போய் வாலைப் பிடித்தார். ஏற்றுமதிக்காரர் வந்து செவுளைப் பிடித்தார்.

“கையை எடுங்க, என் மீனு.”

“கண்ணைத் தொறந்து போர்டைப் பாருய்யா.”

“பார்த்துட்டுத்தான்யா பிடிச்சிருக்கேன்! உன் கண்ணை நீ தொற!”

இருவரும் இழுத்தார்கள். சூரை வழுக்குகிற ஜாதி. இருவரும் அதோடு சேர்ந்து ஈரத்தரையில் ஒரு வட்டம் சுற்றி வந்தார்கள். கூடமே எழுந்து நின்று பார்த்தது. தலைவர் மைக்கில் அமைதி அமைதி என்று கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மாடிப்படியில் ஓடி வந்த அக்காவைப் பார்த்தார்.

“நின்னா லீவு இல்லன்னு சொன்னேன். இது நிக்கலையே, ரெண்டா ஓடுதே! இதுக்கு நான் என்ன தண்டனை குடுக்கறது?”

அக்கா ஓடிப்போய்க் கிடங்கு மிஷினை நிறுத்தச் சொன்னாள். ஒயர்மேன் நிறுத்தினார். ஏலம் ஒன்றாயிற்று. ஆனால் மீன் இன்னும் இரண்டு பேர் கையில்தான் இருந்தது.

அப்போது ஐஸ்காரம்மா வண்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். “யோவ், ரெண்டு பேரும் விடுங்கய்யா, மீனு இளைச்சிடப் போகுது. நான் நடுவுலதான நின்னேன்? மேக்கால போர்டுலதான் மொதல்ல எரிஞ்சுது. அப்பறம்தான் கிழக்கால.”

ஏற்றுமதிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

தலைவர் கையை உயர்த்தினார். “அவ சொன்னா முடிஞ்சுது. அவளுக்கு மீனும் வேணாம், ஒண்ணும் வேணாம். மீனு ஓட்டலுக்கு.” பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “ரெண்டு மிஷினையும் சாயங்காலத்துக்குள்ள பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிடு. பழசையே மேய்ப்போம்.”

அக்காவின் முகம் போன போக்கை ஒயர்மேன் பார்த்தார். அறை மூலையில் இருந்த அவள் ஊர்ப்பெட்டி அவருக்கு நினைவு வந்தது. ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தது ஐஸ்காரம்மாவை.

“தலைவரே, இவங்க மாதிரி ஒண்ணு குடுங்க. போதும்.”

“ஐஸ்காரம்மாவையா? தர மாட்டேன். வண்டி யார் தள்ளுவா?”

“அய்யோ, மிஷினைச் சொல்றேன். ரெண்டு பேர் இருந்தா நான்தான் நான்தான்னு ரெண்டு பேரும் சொல்லுவாங்க. மூணாவதா ஒருத்தர் வேணும். அவரு மீனைத் தூக்க வேணாம், விக்க வேணாம், கணக்கு வச்சுக்க வேணாம். கையை மட்டும் தூக்கினா போதும். மூணுல ரெண்டு பேர் சேர்ந்தாத்தான் கடை. தனியா மாட்டிக்கிட்டவன் வாயை மூடிட்டு உக்காரணும். அவ்வளவுதான் சட்டம்.”

“இன்னொரு பெரிய மிஷினா?”

“கை தூக்கறதுக்கு எதுக்குப் பெரிசு? பிஸ்கட் டப்பா அளவு போதும். இதை நான் மொதல்லயே கேட்டிருக்கணும். ரெண்டு பெரிசாக் கிடைச்ச சந்தோஷத்துல விட்டுட்டேன்.”

தலைவர் ஓட்டல்காரரையும் ஏற்றுமதிக்காரரையும் ஐஸ்காரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கண்ணெதிரே நடந்ததை மறுக்க அவருக்கு வழி இல்லை. “கடைசித் தடவை,” என்றார்.

அறுந்த கேபிள் நுனியை ஒயர்மேன் கண்டுபிடித்தபோது அதில் இன்னும் ஐஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

“உன் ஒயரு தாழ்வு,” என்றாள் ஐஸ்காரம்மா.

“உன் ஐஸு உயரம்,” என்றார் ஒயர்மேன்.

“ஐஸு கரைஞ்சு தாழ்ந்துடும். உன் ஒயரு தானா ஏறுமா?”

அவர் ஏணியை எடுத்துவரப் போனார்.

மூன்றாவதை எங்கே வைப்பது? மாடியிலும் கூடாது, கிடங்கிலும் கூடாது. வேறு இடம், வேறு லைன். அப்படிக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு அறைதான்.

“என் ரூமா? உட்காரவே இடமில்ல,” என்றார் ஒயர்மேன்.

“உனக்கில்ல தம்பி, மிஷினுக்கு.”

“அதுக்குத்தான் சொல்றேன். எனக்கே இல்லாத இடம் அதுக்கு எங்க இருந்து வரும்?”

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதையே முறையிட்டார். கரண்டை நிறுத்தச் சொன்னது போதாதென்று இப்போது அறையையும் கேட்கிறாள் என்றார். மனைவி தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

“நம்ம பொண்ணு பொறந்தப்ப எங்கம்மா வந்திருந்தாங்களே, ஞாபகம் இருக்கா?”

“இல்லாம? வந்த நாள்லருந்து உன்னைத் திட்டிக்கிட்டேதான இருந்தாங்க?”

“திட்டத்தான் திட்டினாங்க. நடக்காதேன்னு ஒரு திட்டு, படுக்காதேன்னு ஒரு திட்டு. ஆனா அந்த நேரத்துல அந்தத் திட்டு வேணுங்க. புருஷன் திட்டினா அது வேற.” குழம்புக் கரண்டியை உள்ளே போட்டாள். “உங்க ரூம் அலமாரியில இருக்கற அந்த ரேடியோவைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டாங்க. இடம் தானா வரும்.”

மறுநாள் ரேடியோ வீட்டுக்கு வந்தது. பிஸ்கட் டப்பா அலமாரியில் ஏறியது. ஃபேன் இல்லாத மிஷின். உப்புக் காற்றை உள்ளே இழுக்காது, சத்தமும் போடாது. ஒரு பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது. வந்து போகிறவர்களிடமெல்லாம் ஒயர்மேன் அதைக் காட்டினார். “மேல இருக்கற ரெண்டு பெரிய மனுஷங்களுக்கும் சண்டை வந்தா, யாரு பெரியவன்னு முடிவு பண்றது இதுதான். என் ரூம்லதான் இருக்கு.” டீ கொண்டுவருகிறவரிடம் குரலைத் தாழ்த்தி, “இதுக்கு ஓட்டு உண்டு. இருபது வருஷமா இங்க இருக்கேன், எனக்கு உண்டா?” என்றும் கேட்டார்.

இந்த முறை ஒயர்மேன் இரண்டு கேபிள் இழுத்தார், இரண்டு வேறு வழியில். ஒன்று ஐஸ்காரம்மா எவ்வளவு அடுக்கினாலும் எட்டாத உயரத்தில். ஏலம் உச்சத்தில் இருந்தபோது அக்கா தலையாட்டினாள். அவர் கிடங்கு மிஷினுக்குப் போகிற இரண்டு கேபிளையும் கழற்றினார். கிடங்கு மிஷின் சுற்றும் பார்த்தது. தான் தனி ஆள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. பிஸ்கட் டப்பாவும் மாடி மிஷினும் சேர்ந்து கடையை நடத்தின. கிழக்குப் பெஞ்சுகள் சுற்றுவழியாக மாடிக்கே வந்து சேர்ந்தன. கூடத்தில் பொத்தான் அமுக்கிக்கொண்டிருந்த ஒருவர்கூடத் தலை திருப்பவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார்.

அக்கா மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கொட்டாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை என்பதற்காகச் சந்தோஷப்படுகிற ஒரு ஆளை ஒயர்மேன் அன்றுதான் பார்த்தார். அவருக்கு அவள் மேல் இருந்த மனத்தாங்கலில் ஒரு பங்கு குறைந்தது. முழுக்கக் குறையவில்லை. தம்பி என்பது பாக்கி இருந்தது.

தலைவர் லீவு கொடுத்தார். கொடுத்த கையோடு அக்காவின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, மிஷினைத் தானே பார்த்துக்கொள்வதாக அறிவித்தார். அக்கா எதையும் தொடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினாள்.

பெட்டி கனம். ஒயர்மேன்தான் பஸ் நிலையம் வரைக்கும் தூக்கிப் போனார். பஸ்ஸில் பெட்டியை மேலே வைத்து, அக்காவுக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துவிட்டு இறங்கினார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அக்காவின் போன் அடித்தது.

“கம்ப்யூட்டரு!” தலைவரின் தொண்டை ஜன்னல் வழியாக வெளியே கேட்டது. “இங்க ஒரு சிவப்பு லைட்டு எரியுது! மாடி மிஷின்ல, முன்பக்கம், கீழ் வரிசை.”

“நீங்க எதையாவது தொட்டீங்களா?”

“சத்தியமா இல்ல. சும்மா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், எரியுது.”

“ஏலம்?”

“ஏலம் பாட்டுக்கு ஓடுது. ஆனா இதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா உட்கார முடியல. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்.”

ஒயர்மேன் நிமிர்ந்து பார்த்தபோது அக்கா இருக்கையில் இல்லை. படிக்கு வந்துவிட்டாள். ஒரு கால் கீழ்ப்படியில்.

“ஒரு டிஸ்க்தான் போயிருக்கும். புதுசு. ஜோடி டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். போய் ஒரு பார்வை பார்த்துட்டு அடுத்த பஸ்ஸுல…”

“ஏறுறியாம்மா, இறங்குறியா?” என்றார் கண்டக்டர்.

ஒயர்மேன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நகரவில்லை.

“ஏலம் ஓடுதுல்ல?”

“ஓடுது.”

“அப்ப நீங்களும் ஓடுங்க.”

அக்கா அவரைப் பார்த்தாள். கையில் இருந்த போனைப் பார்த்தாள். காலை மேலே எடுத்தாள். விசில் அடித்தது, பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு ஓடி வந்து தலையை வெளியே நீட்டினாள். ஒயர்மேன் முட்டி வலியோடு கூடவே வேகமாக நடந்தார்.

“தம்பி, கசங்கின சட்டைக்காரரைக் கூப்பிடு. புது டிஸ்க் கொண்டுவருவாரு. சிவப்பு எரியறதை மட்டும் உருவணும், பக்கத்துல இருக்கறதை இல்ல.”

“சரி.”

“ரெண்டு தடவை பார்த்துட்டு உருவு.”

“சரி சரி.”

“அதுவரைக்கும் அந்த லைட்டு மேல ஒரு துணியைப் போட்டு மூடு. தலைவர் கண்ணுல பட்டா வழியெல்லாம் போன் பண்ணிக்கிட்டே இருப்பாரு.”

பஸ் வேகம் எடுத்தது. ஒயர்மேன் நின்றுவிட்டார். ஜன்னலில் இருந்து கை மட்டும் ஆடியது, அதற்குப் பின்னால் குரல்.

“லைட்டை மட்டும் மூடு! காத்துப் போற ஓட்டையை மூடிடாத!”